நார்மல் ரேஞ்ச்

தலைக்குந்தாவில் ஜனவரி.
காலை ஆறு மணிக்கு
ஜன்னலின் உட்பக்கம் நனைந்து வழிகிறது.
துடைத்த துணியைப் பிழிந்தால் அரை டம்ளர்:
நானும் சாலமனும் பிள்ளையும்
ராத்திரி முழுக்க விட்ட மூச்சு.
மரச்சட்டத்தில் கட்டைவிரல் வைத்தால்
டீயில் நனைத்த வர்க்கி மாதிரி
உள்ளே போகிறது.

கோயம்புத்தூரிலிருந்து கனகசபாபதி வந்தார்,
மேட்டுப்பாளையத்தில் வாங்கிய மஃப்ளரோடு.
வாசலில் கழற்றிய ஷூவை
தரையில் கால் பட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.
'ஜன்னலுக்கும் மார்க் உண்டு மேடம்' என்று
பளபளத் தாள் ஒன்றை விரித்தார்.

நான் லேபில் வேலை பார்ப்பவள்.
எண்களிடம் பயம் கிடையாது.
சர்க்கரை ஏறினால் கெடுதல்,
ஹீமோகுளோபின் இறங்கினால் கெடுதல்,
இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கும்.
அதனால் முதலில் கேட்டேன்:
இதில் எது எந்தப் பக்கம்?

யூ வேல்யூ, என்றார்.
உள்ளே இருக்கும் சூடு
வெளியே ஓடும் வேகம்.
குறையக் குறைய நல்லது.
உங்கள் ஒற்றைக் கண்ணாடி ஐந்தே முக்கால்,
இது ஒன்று புள்ளி எட்டு.

சாலமன் விலையைக் கேட்டார்.
கேட்டதும் எழுந்து டீ போடப் போனார்.

அடுத்த எண்ணுக்கு
கனகசபாபதியின் குரலே மாறியது.
'வெயில்ல கால்வாசிதான் மேடம் உள்ள வரும்,
பாக்கிய வெளியவே திருப்பி அனுப்பிடும்.
பீளமேட்டுல இதுக்கு க்யூ நிக்குது.'

பீளமேட்டில் நிற்கட்டும்.
இங்கே பத்தரைக்கு
கேரட் காட்டு மேட்டைத் தாண்டி வரும் வெயில்
மூன்று மணிக்கு யூகலிப்டஸுக்குப் பின்னால் போய்விடும்.
அந்த நாலரை மணி நேரத்துக்காக
சாக்ஸ், தலையணை, இட்லி மாவுப் பாத்திரம்,
பிள்ளையின் கணக்கு நோட்டு எல்லாம்
தெற்கு ஜன்னலடியில் காத்துக் கிடக்கும்.
அதைத் திருப்பி அனுப்ப
நான் காசு கொடுப்பதா?

சமவெளியில் நார்மல்,
எங்களுக்கு ரத்தசோகை.

இன்னொன்றும் கேட்டேன்.
அந்த ஒன்று புள்ளி எட்டு
கண்ணாடிக்கு மட்டுமா,
அலுமினியச் சட்டத்தையும் சேர்த்தா?
போனோடு வாசலுக்குப் போனார்.
சிக்னல் தேடி முட்டைக்கோஸ் பாத்தி வரை போனார்.
மூக்கு சிவக்கத் திரும்பி வந்து
'சேர்த்தா மூணு புள்ளி ஒண்ணு' என்றார்.
நல்ல மனுஷன். பொய் சொல்லியிருக்கலாம்.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி
வடக்கு ஜன்னலின் ஓரமாய் நகர்த்தினேன்.
நேரே எழுந்த புகை
கொண்டிக்குப் பக்கத்தில் வந்ததும்
யாரோ கூப்பிட்டதுபோல் உள்பக்கம் திரும்பியது.
இந்த ஓட்டைக்கு உங்கள் தாளில் எண் உண்டா?
நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில், இருந்தது.
இருவரும் குனிந்து படித்து முடிப்பதற்குள்
டீ ஆறிப்போனது.

கடைசியில் ஒரே ஒரு ஜன்னல்.
தெற்கில். இரட்டைக் கண்ணாடி,
வெயிலைத் தடுக்காத சாதா வகை,
யு.பி.வி.சி. சட்டம்.
வடக்குக்கு நூற்றெண்பது ரூபாய் ரப்பர் பட்டையும்
சாலமனின் பழைய கம்பளியும்.

மாட்டி எட்டு நாள் ஆகிறது.
இப்போதும் துணியோடுதான் எழுகிறேன்.
தெற்கில் கண்ணாடி உலர்ந்திருக்கிறது,
வடக்கில் முன்னைவிட அதிகமாய் வழிகிறது.
மூச்சு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

நேற்று மதியம் மாவு பொங்கி
பாத்திர மூடியைத் தள்ளியிருந்தது.
கனகசபாபதிக்குப் படம் அனுப்பினேன்.
'இது எந்த எண் மேடம்?' என்று
கேட்டிருக்கிறார்.