சமதரை

பாயா தெருபோங்கில் சமதரை கிடைப்பது அரிது.
எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தமே சரிவுதான்,
உருளைக்கிழங்கு விழுந்தால் லிப்ட் வரைக்கும் ஓடும்.
அதனால்
பாசார் மூடியபின், மீன்கடை வரிசைக்குப் பின்னால்
ஈரம் காயாத சிமெண்டில் நிறுத்தினோம்
பழைய வீராவை.

மூன்று நாளாக மேட்டில்
உறுமல் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.
நாங்களும் மூன்று நாளாகப் பேசவில்லை.
தம்பியின் கடனுக்கு அவர் போட்ட கையெழுத்து
சாப்பாட்டு மேசையில் இன்னும் கிடக்கிறது.

கியர் எண்ணெய் பார்க்க
இன்ஜின் சூடாக, ஓடிக்கொண்டே இருக்கணும்.
ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.
பானெட்டைத் தூக்கியதும்
தயாபரனின் முகம் மறைந்துபோனது.
வசதிதான்.

"பிரேக்கை மிதிங்க."
"ம்."
"ஆர்."
பின்னுக்கு ஒருமுறை இழுத்து அடங்கியது வண்டி.
"என்."
"டி."
பம்பர் என் முழங்காலை இலேசாக முட்டியது.

அப்போதுதான் உறைத்தது.
எனக்கும் அந்த ஆயிரம் கிலோவுக்கும் நடுவே
இருப்பது அவருடைய வலது கால்.

நகரவில்லை நான்.
"பி" என்று சொல்லக்
கொஞ்சம் தாமதித்தேன்.

குச்சியை உருவி,
தேர்தலுக்குக் கொடுத்த டீசட்டையில் துடைத்து,
செருகி, மறுபடி உருவினேன்.
சிவப்பு இல்லை. கோப்பி ஓ நிறம்.
கருகிய வாடை.
கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"எவ்வளவு இருக்கு?"
மூன்று நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"குறைச்சல்தான்" என்றேன்.
"எங்கேயோ ஒழுகுது.
டார்ச்லைட்டை எடுத்துக்கிட்டு
இறங்கி வாங்க."