பதினொன்றுக்கு அணைப்பவன்

சதுக்கத்து விளக்குக் கம்பத்தில்
எட்டாத உயரத்தில் ஒரு சாம்பல் பெட்டி.
அதன் சாவியும் சிறு ஏணியும் என் பொறுப்பு.
இரவு பதினொன்றுக்கு அணைத்துவிட வேண்டும்.
நகராட்சி உத்தரவு.
கேப் வெர்டேயின் இந்தக் கடைசித் தீவில்
காசில்லாமல் கிடைப்பவை
காற்று, மூடுபனி,
பிறகு இந்த வைஃபை.

கூட்டம் வயதுவாரியாக உட்காரும்.
யாரும் வகுத்துத் தந்ததில்லை.

பெட்டிக்கு நேர் கீழே, தரையில், பையன்கள்.
நில்டனுக்குப் பத்து வயது, போன் கிடையாது.
பக்கத்துப் பையன் தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு
அவன் சுடும் குண்டுக்கெல்லாம்
இவன் கத்துவான்.

செம்பருத்தி வேலியோரப் பலகையில்
சுலெய்க்கா, பதினேழு.
தன் முகத்தை நாற்பது தடவை எடுத்து
முப்பத்தொன்பதை அழிப்பாள்.
மிஞ்சியதை ஏற்றிவிட்டு
போனை மடியில் கவிழ்த்துப் போட்டு
ஐம்பது வரை எண்ணுவாள்.
நிமிர்த்தியதும் அவள் உதட்டைப் பார்த்தே
எனக்குத் தெரிந்துவிடும்
எத்தனை பேர் என்று.

இசயாஸுக்கு முப்பத்தாறு.
லிஸ்பனில் பிறந்த மகளை
இன்னும் தூக்கியதில்லை.
கீழ்வரிசையில் இரண்டு பல்,
மேலே தெரிவது பல்லா
படம் உடைந்த புள்ளியா என்று
மனைவியோடு தினம் ஒரு சண்டை.

என் வயது ஐம்பத்து மூன்று.
நான் நின்றுகொண்டிருப்பவன்.

எர்மீனியு இருட்டிய பின் வெளியே வராத மனிதர்.
எழுபத்து நான்கு.
ஆகஸ்டில் ஒரு செவ்வாய், கறுப்புக் கோட்டோடு வந்தார்.
மருமகனின் போனை இரண்டு கையாலும்
தளும்பும் தட்டைப் போலப் பிடித்திருந்தார்.
பிராக்டனில் அண்ணனைக் கிடத்தியிருக்கிறார்கள்.
அங்கே எட்டு மணிக்குப் பெட்டியை மூடுவார்கள்.
அங்கே எட்டென்றால்
இங்கே பதினொன்று.

பத்து ஐம்பதுக்குப் படம் நின்றது.
ஒரு பூங்கொத்து,
யாருடையதோ ஒரு முழங்கை,
நடுவில் சுற்றும் வட்டம்.
அவர் யாரையும் கேட்கவில்லை.
குழாயடியில் வாளியை ஏந்துபவர்போல
போனைக் கம்பத்துக்கு நேரே
தூக்கிப் பிடித்தார்.

நில்டன்தான் எழுந்தான்.
"எல்லாரும் அணைங்கடா."
"போடா, ஜெயிக்கப் போறோம்."
"அணைங்கடா!"
போனே இல்லாதவனுக்கு என்ன வலிக்கிறது என்று
ஒருவன் முனகினான். ஆனாலும் அணைத்தான்.
சுலெய்க்கா முப்பதில் எண்ணிக்கையை விட்டாள்.
இசயாஸ் மகளிடம்
"கொஞ்சம் இரு" என்றான்,
எட்டு மாதக் குழந்தையிடம்.
முகங்கள் ஒவ்வொன்றாக
இருட்டுக்குள் இறங்கின.

முழங்கைக்கு உடம்பு வந்தது.
பூங்கொத்து நகர்ந்தது.
சதுக்கம் முழுவதற்கும் அப்போது
ஒரு கிழவர் கன்னத்தில் மட்டும் வெளிச்சம்.

"மீசையை மழித்துவிட்டார்கள்" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

தேவாலய மணி பதினொன்று அடித்தது.
அந்த மணி எப்போதுமே கொஞ்சம் முந்தும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பதினொன்று பதினேழுக்கு
மருமகன் அவரை எழுப்பிக் கூட்டிப் போனான்.

"எங்க பதினேழு நிமிஷம்?" என்றார்கள் பையன்கள்.
ஏழு தருவதாகச் சொன்னேன்.
பேரம் பேசினார்கள். ஒன்பது.

எல்லாரும் போனபின் ஏணியைச் சாய்த்தேன்.
அணைக்கும் முன் தினமும் ஒரு பெயரைத் திறந்து பார்ப்பேன்.
ஆறு வருஷமாக அவள் எழுதவில்லை, நானும்.
பெயருக்குக் கீழே
'கடைசியாகப் பார்த்தது' என்று ஒரு மணி இருக்கும்.
நேற்றையதுதானா, மாறியிருக்கிறதா,
அவ்வளவுதான் என் இணையம்.

தோளில் ஒரு மோவாய் அழுந்தியது.
நில்டன் வீட்டுக்குப் போயிருக்கவில்லை.
"இதில் என்ன நடக்கும்?"
"ஒன்றும் நடக்காது."

பிறகும் விலகவில்லை அவன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தோம்.