நாற்பத்தெட்டு மணி நேரம்

கிளைப்பெடா துறைமுகத்தில் பிப்ரவரி என்பது
கண்ணாடிக்கு வெளியே நகராமல் நிற்கும் ஒரு சாம்பல் நிறம்.
ஹீட்டர்மேல் யாருடைய கையுறைகளோ காய்ந்தன.
வில்னியஸிலிருந்து வந்த கின்டௌதாஸ்
திரையில் ஒரு வட்டம் வரைந்தார்: தொடக்கம்.
பிறகு கட்டங்கள், கட்டங்களுக்கிடையே அம்புகள்,
முடிவெடுக்கும் இடங்களில் சாய்சதுரம்.
"இனி யாரும் நிரல் எழுத வேண்டாம்.
வரைந்தால் போதும், வரைந்ததே ஓடும்."
எல்லோரும் என்னைப் பார்க்காமலிருக்க முயன்றார்கள்.

கெட்டுப்போன மீனுக்கு நஷ்டஈடு தருவது எங்கள் தொழில்.
கன்டெய்னரில் குளிர் எத்தனை மணிக்கு அறுந்தது,
ஹெர்ரிங்கா, காட் மீனா, சீல் உடைந்திருந்ததா,
எல்லாம் என் பதினோராயிரம் வரிகளுக்குத் தெரியும்.
உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு
ஒன்பது வருடமாக ஒரே பதில்: "ஓடுகிறதே."
அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால்
கப்பலே நின்றுவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன்.
பொய். பில் மட்டும்தான் நிற்கும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் வெறுத்தேன்.
பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிரிட்ஜ் கதவு.

கிளெய்ம் பிரிவிலிருந்து தாங்குவோலேயைக் கூப்பிட்டார்கள்.
சூப் டப்பாவும் கையுமாக வந்தார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அம்புகளின் மேல் விரலை ஓட்டினார்,
புது ஊரில் பஸ் வழித்தடம் பார்ப்பவர் போல.
ஓரிடத்தில் விரல் நின்றது.

'நிராகரி' என்ற கட்டத்துக்கும்
'கடிதம் அனுப்பு' என்ற கட்டத்துக்கும் நடுவே
ஒரு குட்டிக் கடிகாரம்.
அதன்மேல் சிவப்பாய்ப் பெருக்கல் குறி.
"வெட்டி நேரம்," என்றார் கின்டௌதாஸ்.
"நாற்பத்தெட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது.
எடுத்துவிட்டேன்."

அந்தக் கடிகாரம் என்னுடையது.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி.
பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு:
'தா. கேட்டார். காரணம் தெரியாது. தொடாதே.'
ஆறு வருடம் தொடவில்லை.
கேட்கவும் இல்லை.

"அது என் இரண்டு நாள்," என்றார் தாங்குவோலே.
செவ்வாய்க்கிழமை கணினி மறுத்தவர்களுக்கு
வியாழன் மதியம் கடிதம் கிளம்பும் முன்
போன் போடுவாராம்.
ஒற்றைப் படகுக்காரர்கள், புகைமீன் கடைக்காரர்கள்,
படிவத்துக்கு மூன்றாம் பக்கம் உண்டென்றே அறியாதவர்கள்.
"தெர்மாமீட்டர் போட்டோ நீங்க அனுப்பவே இல்லையே.
இப்பவே அனுப்புங்க, நான் லைன்ல இருக்கேன்."
மூன்றில் ஒருவருக்குப் பணம் கிடைத்துவிடுமாம்.

இது எந்த வரியிலும் இல்லை.
எந்தக் கட்டத்திலும் இல்லை.
நான் பூட்டி வைத்த வெற்றிடத்தில்
ஒரு மனுஷி குடியிருந்திருக்கிறார்.
படம் போட்டதால் தெரிந்தது,
படம் போட்டவரால் போகவிருந்தது.

கின்டௌதாஸ் நல்ல மனிதர். அழித்ததை உடனே மீட்டார்.
புதிதாக ஒரு கட்டம்: 'தொலைபேசி.'
அவ்வளவுதான், மடை திறந்தது.
எல்லோரிடமும் ஒரு கட்டம் இருந்தது.
கிடங்கு ஸ்கிர்மன்தாஸிடம் மூன்று, வழக்கறிஞரிடம் பதினேழு.
ஏப்ரலில் படம் ஒன்பது தாள் நீளம்,
சிக்கெடுக்காத வலையாய் நடைவழிச் சுவரில்.
காபியோடு கடக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.
சாய்சதுரத்தை இரண்டு முறை தட்டினால்
சின்னதாய் ஒரு ஜன்னல் திறக்கும்.
அதற்குள் நான் பழையபடி
நிரல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
ஆறு வரிக்கு மேல் இடமில்லாமல், முழங்காலை மடக்கிக்கொண்டு.

ஆனால் அந்த முதல் நாளில்,
"போனை எடுக்கவில்லை என்றால்?"
என்று கேட்டார் கின்டௌதாஸ்.
"மறுபடி போடுவேன்."
"அப்போதும் எடுக்கவில்லை என்றால்?"
"மறுபடி."
கட்டத்திலிருந்து கிளம்பிக்
கட்டத்துக்கே திரும்பும் அம்பு ஒன்றை வளைத்தார்.
"என் மொழியில் இதற்கு லூப் என்று பெயர்," என்றேன்.
ஏதாவது பேச வேண்டியிருந்தது எனக்கு.
தாங்குவோலே சூப் டப்பாவைத் திறந்தார்.
"என் மொழியில் புதன்கிழமை."