தடைக்காலம், நாற்பத்து மூன்றாம் இரவு

மண்டபம் வடக்குத் துறையில்
விசைப்படகுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனியில் ஒரு தொட்டி மட்டும் ஓடுகிறது,
நாட்டுப்படகுக்காரர்களுக்காக.
அம்மோனியா வாடைக்குப் பழகிய மூக்குகள் ஆறேழு
நம்புராஜின் போனைச் சுற்றி.

எங்கோ ஒரு குளிர்தேசத்தில்
ஆண்களுக்கு ஒரு கோப்பை, பெண்களுக்கு ஒரு கோப்பை.
ஏதேதோ நாட்டுக் கொடிகள்.
இருபது கிலோ கருங்கல்லுக்குக் கைப்பிடி வைத்துப்
பனித்தரையில் விடுகிறார்கள்.
அதன் முன்னால் இரண்டு பேர் குனிந்து
தேய் தேய் என்று தேய்க்கிறார்கள்.

நண்டுக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து
ஐஸ் கேட்க வந்த நாங்களும் எட்டிப் பார்த்தோம்.
"ஆம்பள வெளக்கமாத்தப் பிடிச்சதுக்கா
கப்பு குடுக்குறாக?" என்றாள் எமரெத்தா.
சிரித்த சிரிப்பில் சீனியம்மாளின் தூக்குவாளி உருண்டது.

மிதக்கிற கல்லைத் தொட்டியில் போட்டுக்
காசு வாங்குகிற தீவு பாலத்துக்கு அந்தப் பக்கம்.
எங்களுக்குக் கல் ஆச்சரியமில்லை.
தொடாமலே அதற்கு வழி செய்கிறார்களே,
அதுதான்.
வேகம் குறைந்த பிறகு
யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு பக்கமாக வளைகிறதே,
அதுதான்.

சந்தியாகு கேட்டான்:
"அந்தக் கோடு எதுக்கு?"
"கல்லு அதத் தாண்டணும்," என்றான் நம்புராஜ்.
"தாண்டலைன்னா தூக்கி வெளிய வச்சிருவாக."
கடலில் கோடு தாண்டியதாக
எழுபது நாள் வவுனியாவில் இருந்துவிட்டு வந்தவன் சந்தியாகு.
படகு இன்னும் அங்கேதான்.
"தாண்டலைன்னாவா?" என்றான் மறுபடியும்.

பெண்கள் இறுதிப் போட்டியின் கடைசிக் கல்
பாதி வழியில் போகும்போது டேட்டா தீர்ந்தது.
அது இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது
என்பாள் எமரெத்தா.

மறுநாள் தயிர் வாளிகளில் தண்ணீர் பிடித்து
உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கினான் நம்புராஜ்.
கைப்பிடிக்கு நைலான் கயிறு, உறையும்போதே செருகியது.
லாரிக்கு ஏற்றும் சிமெண்டுத் தளத்தை ஹோஸ் பிடித்து நனைத்து,
படகு நம்பர் எழுதும் பெயிண்டில் மூன்று வட்டம்.
கோட்டை மட்டும் சந்தியாகுவே வந்து போட்டான்,
கோணலாக.

ஐஸ் கம்பெனி ஆண்கள் நாலு பேர்.
நண்டுக் கம்பெனியில் நாங்கள் நாலு பேர்.
கோப்பைக்கு வசதியில்லை,
தோற்றவர்கள் பரோட்டா.

ஐஸ் கல்லுக்குப் பொறுமை கிடையாது.
பிடித்த கையின் சூட்டிலேயே இளைக்கத் தொடங்கும்.
முதல் சுற்றில் மூன்று கிலோ,
ஆறாவதில் இரண்டே கால்.
எடை எழுதுகிறவள் நான், சரியாகத்தான் சொல்வேன்.

எங்கள் கடைசிக் கல் ரபியத்துடையது.
முட்டி மடங்காது, நின்றபடியே தள்ளினாள்.
எமரெத்தாவும் சீனியம்மாளும் விளக்குமாற்றோடு முன்னால் ஓட
நான் பின்னாலிருந்து கத்தினேன்,
போனில் அந்த மஞ்சள் சட்டைக்காரி கத்தியதுபோல,
என்ன வார்த்தையென்று தெரியாமலே.
'பேசாம உரி' என்று ஒன்பது வருடம் கேட்ட தொண்டை.
துறைமுகத்து நாய்கள் எழுந்துகொண்டன.

கல் கோட்டின் மேல் நின்றது.
தாண்டியது, தாண்டவில்லை.
சண்டை.
எல்லோரும் சந்தியாகுவைப் பார்த்தார்கள்.
அவன் குந்தி உட்கார்ந்து
பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.
அதற்குள் கல்லுக்கடியில் நீர் கசிந்து
கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை ஓடியது.
"தண்ணி தாண்டிருச்சு," என்றான்.
"விட்ருங்க."

பரோட்டாவுக்கு யார் காசு என்பதில்
இன்றுவரை இரண்டு கணக்கு.

தடை முடிந்த அன்று விடியுமுன்பே
கிரஷர் இரையத் தொடங்கியது.
தொட்டியில் மிச்சமிருந்த நாலு கல்லையும்
கயிறு உருவி உள்ளே போட்டான் நம்புராஜ்.
இந்நேரம் ஏதோ ஒரு படகின் அடிப்பலகைக்குக் கீழே
கணவாய்களுக்கு நடுவில்
உருகிக்கொண்டிருக்கும்.
கோட்டுக்கு எந்தப் பக்கமென்று
சொல்லத் தெரியவில்லை.