தணலில் சுட்ட அடை

சஸ்காட்செவனில் மைனஸ் முப்பது.
தேவாலயத்தின் கீழறையில்
ஹீட்டர் மட்டும் பேசுகிறது.

மாடுகளை விற்ற நாளிலிருந்து
ஆர்வில் தூங்குவதில்லை என்கிறாள் ஹெல்கா.
இன்னொன்றும் சொல்கிறாள், கையுறையைப் பார்த்தபடி:
துப்பாக்கிப் பெட்டியின் சாவியை
மாவு டப்பாவுக்குள் புதைத்துவைத்திருக்கிறாளாம்.

ஏழு வசனங்கள் குறித்து வைத்திருந்தேன்.
தாளை மடித்தேன்.

சூரைச்செடியின் கீழே
போதும் ஆண்டவரே என்று படுத்தவனைத்
தூதன் கடிந்துகொள்ளவில்லை;
தட்டி எழுப்பி அடை கொடுத்தான்,
திரும்பத் தூங்கவிட்டான்.

என் கையெட்டும் தூரத்தில்
ஒரு டோஸ்டர், நேற்றைய ரொட்டி.

ஆர்வில் பாதி தின்றான்.
வெண்ணெய் போதாது என்றான்.
ஹெல்கா அழுதாள்:
பதினோரு நாளில் அவன் கேட்ட முதல் பொருள்.

திங்கட்கிழமை டாக்டரிடம்
மூவரும் போகிறோம்.
ஜெபம்?
வண்டியில்,
கண்ணைத் திறந்தபடி.
சாலையெல்லாம் பனி.