சலவைக்குறி

ஜலீபில் எங்கள் அறைக்கு
வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குக்
கொலை வரும்.

அதற்குள் குளித்துவிட வேண்டும்.
ஸெலின் சோடியம் பொட்டாசியக் கணக்கையெல்லாம்
சீருடையோடு கழற்றிக் கூடையில் போடுவாள்.
பகீரதி குப்பூஸைக் கிழித்து
நேற்றைய மீன்குழம்பில் ஊறவிடுவாள்.
ஏசி சொட்டும் இடத்தில் வாளி,
வாளிக்குப் பக்கத்தில் நான்.
இடம் மாறினால் எனக்குத் துப்புத் துலங்காது.

தொடரில் வருவது ஒரு பச்சைக் கிராமம்.
மொத்தம் முந்நூறு தலை.
நாங்கள் பார்க்கத் தொடங்கிய பின்
நாற்பத்தொன்று விழுந்தாயிற்று,
ஒருவரும் வீட்டைக் காலி செய்வதில்லை.
பிளம் ஜாமில் விஷம்,
பூக்கண்காட்சியில் கத்தரிக்கோல்,
தேவாலய மணிக்கயிற்றில் ஒரு வங்கி மேலாளர்.
கம்பளம்கூட நனையாது.
ஓய்வுபெற்ற தபால்காரம்மா தொப்பியோடு வந்து
முதலில் தேநீர் கேட்பாள்,
அப்புறம் கேட்பாள்,
கோப்பையின் காது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று.
யாரோ ஒருவர் முகம் வெளுக்கும்.

"இவ்வளவு சுத்தமா ஒரு சாவு
நம்ம வார்டுல நடந்திருக்கா?"
ஸெலினுக்கு அதில் ஒரு பொறாமை.

பந்தயம் இருநூற்றைம்பது பில்ஸ்.
தோற்றவள் பாத்திரமும் துலக்க வேண்டும்.
அரபு எழுத்துகள் குரலுக்கு முன்னால் வந்துவிடுகின்றன,
அரபு படிக்கத் தெரிந்தவள் பகீரதி மட்டும்,
பெரும்பாலும் ஜெயிப்பவளும் அவளே.
இந்த வழக்கை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

அந்த வாரம் ஒன்பதாம் கட்டிலில்
பெயரில்லாமல் ஒருவர்.
ஆறாம் வட்டச்சாலை ஓரம் கிடந்தாராம்.
அட்டை இல்லை, போன் இல்லை, நினைவில்லை.
கோப்பில் அறியப்படாதவர் என்றெழுதி
அடிக்கோடும் போட்டிருந்தார்கள்,
அறிந்துவிடக் கூடாது என்பதுபோல.

சட்டையைப் பையில் போட்டுக் கட்டும்போது
காலரைப் புரட்டிப் பார்த்தேன்.
ஏன் பார்த்தேன்?
தபால்காரம்மா பார்த்திருப்பாள்.
அழியாத மையில்
ழ 17.

ழ-வில் எவர் பெயரும் தொடங்காது.
ஆகவே அது ஆளின் எழுத்தில்லை, கடையின் எழுத்து.
இதைச் சொன்னபோது பகீரதி
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தூசிக்காற்று.
மாஸ்க் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கடை கடையாக ஏறினோம்.
நான்காவதில் ழ-வைப் பார்த்துச் சிரித்தார்கள்.
ஆறாவது பூட்டியிருந்தது.
ஒன்பதாவதில்
இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒருவர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"பதினேழா? நம்ம சங்கிலியாண்டி.
ஒரு வாரமா ஆளைக் காணோம்.
பாக்கிக்குப் பயந்துதான் வரலைன்னு நெனச்சேன்."
மூன்று சட்டை தொங்கியது, மடிப்புக் கலையாமல்.
எதற்கு ழ என்று ஸெலின் கேட்டாள்.
"க போட்டேன், எதிர்க்கடையும் க போட்டான்.
இதை எவன் போடுவான்?"

யாரும் யாரையும் கொல்லவில்லை.
எல்லாரையும் கூட்டி நிறுத்தி
விரல் நீட்ட ஒரு வரவேற்பறையும் இல்லை.
வெயில் இருந்தது, சர்க்கரை இருந்தது,
மதியம் சாப்பிடாத ஒரு வயிறு இருந்தது.
அவர்களைக் கைது செய்ய முடியாது.

திங்கட்கிழமை கண் திறந்தார்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை,
சந்தேகம்தான்.
"யாரு சொன்னது?"

தபால்காரம்மா இந்த இடத்தில் நீளமாகப் பேசுவாள்.
நான் காலரைக் காட்டினேன்.
"பாக்கியைக் கட்டிட்டோம்" என்றேன்.
அதற்குத்தான் அழுதார்.

வியாழக்கிழமை
மருந்துக்கடைக்காரன் என்று பந்தயம் கட்டினேன்.
அவ்வளவு தெளிவாக இருந்தது எனக்கு.
பாதிரியாராம்.

மீன்குழம்புச் சட்டி அடிப்பிடித்திருந்தது.