ஒன்பதாவது கட்டம்

தாண்டிக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப்
புதுப் படிவம் வந்திருக்கிறது.
ஒன்பதாவது கட்டத்தில் ஒரே சொல்: பெயின்.
பக்கத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை.

'பெயின் இருக்கா?' என்றேன் மச்சக்காளையிடம்.
மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்தவர்
இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்:
'எனக்கெதுக்குத்தா பெயினு,
நானென்ன புள்ளையா பெறப்போறேன்?'
வரிசையே சிரித்தது,
இருமிக்கொண்டிருந்தவர் இருமலுக்கு நடுவே.

இந்த மலையில் அந்தச் சொல்
பிரசவ அறைக்கு மட்டும்.
மற்றதற்கெல்லாம் வேறு இருக்கிறது.
காப்பிப் பழம் பறித்த தோள் கடுக்கும்,
பனியில் நின்ற கால் உளையும்,
காது குடையும்,
பல் விண்விண்ணென்று தெறிக்கும்.
லூர்தம்மாளுக்கு மட்டும்
'என்னமோ பண்ணுது'.
எங்கே என்றால்
வாசலுக்கு வெளியே கையைக் காட்டுவாள்.
அவளுக்கு நான்கு போட்டேன்.
ஏன் நான்கு, தெரியாது.

மருந்தறையிலும் குழப்பம்தான்.
பெயின் ஊசி என்றால்
இருப்பதைப் போக்குவதும் அதுவே,
இல்லாததை வரவழைப்பதும் அதுவே.
சீட்டைப் பார்க்கும் முன்
ஆளைப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை மழையில் ஓர் இரவு
மங்களங்கொம்பிலிருந்து நாகஜோதி வந்தாள்,
நைட்டிக்கு மேல் புருஷனின் ஸ்வெட்டர்.
'பெயின் நின்னுபோச்சு சிஸ்டர்.'
கேட்க நல்ல செய்தி போலத்தான் இருந்தது.
வயிற்றில் கருவியை வைத்தேன்.
துடிப்பு இருந்தது,
மழைக்கு அப்பால் யாரோ
விறகு வெட்டுவது மாதிரி.

நூற்றியெட்டு வண்டியை இருதயராஜ் ஓட்டினான்.
தடியன்குடிசைக்குக் கீழே
ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டுமாடுகள்.
ஹாரன் கூடாது.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
இன்னொருத்திக்கு வலிக்க வேண்டுமென்று
அன்றுதான் முதன்முதலாக வேண்டிக்கொண்டேன்,
எந்தச் சாமி என்று பார்க்காமல்.

இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கண்ணாடி வளையல் நொறுங்கியது.
'வந்துருச்சு சிஸ்டர், வந்துருச்சு!'
கடைசி பஸ் வந்ததைப் போல் சொன்னாள்.
மாடுகள் அவசரப்படாமல் விலகின.

வத்தலக்குண்டில் பெண் குழந்தை,
மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

விடிந்தபின் மலையேறி வந்து
அவள் படிவத்தை எடுத்தேன்.
பத்து என்று எழுதினேன். அடித்தேன்.
பூஜ்யம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.
கட்டம் கறுத்துப்போனது.
வளையல் கீறிய இடம்
அப்போதுதான் சுள்ளென்றது.

இடுப்புக்கு ஊசி போட வந்த மச்சக்காளை
'கையில என்னத்தா?' என்றார்.
'பெயின்' என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார் என்னை.